டெஸ்ஸின் கழுத்து வலியும் மூன்று விளக்குத் தொப்பியும்

இதை எனக்கு முதலில் சொன்னவர் டெஸ்தான். போன ஞாயிறு, பூசை முடிந்து, கோயில் கூடத்தில் தேநீர்க் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தபோது சொன்னார். அவர் கழுவுவார், நான் துடைப்பேன். ஆஸ்திரேலியாவில் எங்கள் டால்பி ஊர்க் கோயிலில் அது ரொம்ப நாள் ஏற்பாடு. அன்றைக்கு அவர் இடது பக்கம் திரும்பி சோப்பை எடுத்தார். வலது பக்கம் திரும்பி ஜன்னலைப் பார்த்தார். அண்ணாந்து கூரையில் இருந்த சிலந்தியைப் பார்த்து, “ஏய், கீழே விழுந்திராத” என்றார். இத்தனை நாளாகக் கழுத்துப் பட்டையோடு விறைத்துக்கொண்டு நின்ற மனுஷன்!

“கழுத்து சரியாப் போச்சா, டெஸ்? ஆண்டவருக்கு நன்றி.”

“ஆண்டவருக்கு நன்றியெல்லாம் சொல்லாத, ரெஜினா. அவரு என் மேல கோவமா இருப்பாரு. கழுத்து கெட்டுப்போனாத்தானே சரியாப் போறதுக்கு?”

என் கையில் இருந்த கோப்பை நழுவப் பார்த்தது. அந்தக் கழுத்துப் பட்டையை அவருக்கு விற்றதே நான்தான். கோயில் பழைய சாமான் கடையில் புதன்கிழமைகளில் நான்தான் நிற்பேன். “ஐயோ பாவம்” என்று சொல்லி, கூட ஒரு கம்பளிக் குல்லாவும் சும்மா கொடுத்தேன். வீட்டுக்குப் போய் அவர் கழுத்துக்காக ஜெபமும் பண்ணினேன்.

டெஸ் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட பஸ்ஸை ஓட்டியவர். என் பிள்ளைகள் இரண்டும் அவர் பஸ்ஸில் போய்ப் படித்தவர்கள்தான். ஓய்வு பெற்ற பிறகு அவருக்கு விமானப் பைத்தியம் பிடித்தது. கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டுவார். பின்னறை முழுக்க அதுதான். ஒரு பெரிய திரை, ஒரு ஓட்டும் பிடி, காலுக்கு மிதி. இதெல்லாம் போக, ஒரு தொப்பி.

அந்தத் தொப்பியில்தான் விஷயம். அதன் ஓரத்தில் குச்சி மாதிரி ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும், அதில் மூன்று சின்ன விளக்கு. திரையின் உச்சியில் ஒரு குட்டிக் கேமரா அந்த விளக்குகளையே பார்த்துக்கொண்டிருக்கும். தலையை ஒரு விரல்கடை திருப்பினால் போதும், திரையில் விமானத்துக்குள் உட்கார்ந்திருப்பவன் தோளுக்குப் பின்னால் வரை திரும்பிப் பார்த்துவிடுவான். ஆனால் கண் திரையை விட்டு நகரக்கூடாது. தலை ஒரு பக்கம், கண் ஒரு பக்கம். இதே பழக்கத்தில் பூசையில் சமாதானம் சொல்லக் கை நீட்டும்போதும் டெஸ் தலையை அந்தப் பக்கமும் கண்ணை இந்தப் பக்கமும் வைப்பார். புதிதாக வந்த குருவானவர், இவருக்குத் தன் மேல் ஏதோ கோபம் என்றே கொஞ்ச நாள் நினைத்துக்கொண்டிருந்தார்.

இப்படி உலகத்தையே சுற்றிப் பறந்த மனுஷன் நிஜ விமானத்தில் ஒரு தடவைகூட ஏறியதில்லை. எங்கே போனாலும் கார்தான். அது எங்களுக்கு ஆச்சரியமாகப் பட்டதில்லை. காரில் போகப் பிடிக்கும் போல என்று விட்டுவிட்டோம்.

டெஸ்ஸின் மகள் கெரின், நடுக்கடலில் இருக்கும் நார்ஃபோக் தீவில் வாழ்க்கைப்பட்டவள். அவளுக்கு ஆண் குழந்தை பிறந்தது. பெயர் டெஸ்மண்ட். தாத்தா பெயர்தான். தாத்தாதான் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லி ஞானஸ்நானத்துக்கு நாள் குறித்துவிட்டாள். அந்தத் தீவுக்குக் கார் போகாது. கப்பலும் சாமான்களைத்தான் கொண்டுபோகும். பிரிஸ்பனில் இருந்து விமானம் ஒன்றுதான் வழி.

மறுநாள் டெஸ் கடைக்கு வந்து என்னிடம் கழுத்துப் பட்டை வாங்கினார்.

“டாக்டர் என்ன சொன்னாரு?” என்று ஐலீன் கேட்டாளாம். ஐலீன் அவர் வீட்டுக்காரி. சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை.

“விமானத்துல உக்காரவே கூடாதுன்னுட்டாரு. அசைஞ்சா கழுத்து அப்படியே நின்னுருமாம்.”

“எந்தப் பக்கம் பார்த்து நிக்கும்?”

“அதெல்லாம் சொல்லல.”

“பாவம்,” என்றாள் ஐலீன். “சரி, போகல. கெரின்கிட்ட நான் சொல்லிக்கிறேன்.”

டெஸ்ஸுக்கு நம்ப முடியவில்லை. ஒரு சண்டை இல்லை, கண்ணீர் இல்லை! சந்தோஷத்தில் வாசலுக்கு வந்து நின்றிருக்கிறார். அது மாக்பைப் பறவைகள் கூடு கட்டுகிற காலம், யார் தலையைக் கண்டாலும் கொத்த வரும். ஒன்று அவர் மண்டையைக் குறிவைத்துப் பின்னாலிருந்து பாய்ந்தது. டெஸ் பட்டைக்கு மேலே தலையை ஆந்தை மாதிரி முழுசாகத் திருப்பி அதைத் திட்டிவிட்டு, குனிந்து, நிமிர்ந்து, உள்ளே ஓடிவந்தார். கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஐலீன் எல்லாவற்றையும் பார்த்தாள். ஒரு கிளிப்பை வாயில் வைத்துக்கொண்டாளாம்.

மத்தியானம் டெஸ் பின்னறைக்குப் போனார். ஐலீன் வாசலில் வந்து நின்றாள்.

“அங்க எதுக்கு?”

“சும்மா, ஒரு சுத்து பறந்துட்டு...”

“அதுக்குக் கழுத்து வேணுமே, டெஸ்! அசைஞ்சா நின்னுரும்னாரே டாக்டர். ஐயோ, அந்தத் தொப்பிய என்கிட்ட குடு.”

இதை அவர் யோசிக்கவே இல்லை. கழுத்து வலி என்று சொன்னபோது எல்லாம் யோசித்தார், நடக்கிற நடையைக்கூடப் பழகிப் பார்த்தார். கழுத்தைத் திருப்பித்தான் பறக்க வேண்டும் என்பது மட்டும் மறந்துபோயிற்று. ஒரு வாரம் பறக்காமல் கிடந்தார். சாப்பாடு இறங்கவில்லை. வேலியில் உட்கார்ந்த கலா என்கிற ரோஜா நிறக் கிளிகளைப் பொறாமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஐலீனுக்கே மனசு கேட்கவில்லை. “நான் ஒண்ணு சொல்றேன்,” என்றாள். “பிடிய நீ பிடி. தொப்பிய நான் போட்டுக்கிறேன். நீ ஓட்டு, நான் பார்க்கிறேன்.”

“உனக்கென்ன தெரியும் விமானத்தப் பத்தி?”

“பார்க்கத் தெரியும்.”

வெயில் விழுந்தால் அந்தக் கேமராவுக்கு எது விளக்கு, எது வெயில் என்று தெரியாமல் போய்விடும். அதனால் பட்டப்பகலில் திரைச்சீலையை இழுத்து மூடிவிட்டுத்தான் உட்காருவார்கள். தினமும் மதியம் இருவரும் உள்ளே போவதையும் திரை மூடுவதையும் எதிர்வீட்டு ஷர்லி பார்த்துவிட்டு, “இந்த வயசுலயும் பாரேன், ரெஜினா!” என்று என்னிடம் வந்து சொன்னாள். நான் ஜெபமாலையைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

உள்ளே நடந்தது வேறு.

“ஐலீன், மூக்கு ஏன் தரையப் பார்க்குது?”

“நீ ‘சரியா’ன்னு கேட்டே. நான் ‘சரி’ன்னு தலையாட்டினேன்.”

“தலையாட்டாத! வாயால சொல்லு! இத்தனை வருஷம் எதுக்குமே தலையாட்டாதவ, இன்னிக்குத்தான் ஆட்டணுமா?”

“சரி.”

“ஆட்டுறே!”

“இப்ப பழக்கமாயிட்டுது, கண்ணு.”

விமானம் ஒரு வழியாகக் கடலுக்கு மேலே போயிற்று. ஐலீன் மெல்லத் தலையைத் திருப்பினாள். திரையில் பக்கத்து ஜன்னல் வந்தது. நீலக் கடல், மேலே பஞ்சு மாதிரி மேகம்.

“எவ்ளோ அழகா இருக்கு, டெஸ்!”

“முன்னால பாரு.”

“அந்த மேகத்தப் பாரேன், நம்ம கெரின் தூங்குற மாதிரியே.”

“ஐலீன், முன்னால பாரு! முன்னால பாரு! யாரு ரோட்டப் பார்க்கிறது?”

குரல் உடைந்துவிட்டதாம். ஐலீன் அவரைத் திரும்பிப் பார்த்தாள். கால் தரையில் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தது. நெற்றியில் வேர்வை. கம்ப்யூட்டர் விமானம்தான், விழுந்தால் மறுபடி ஒரு பொத்தானை அமுக்கினால் எழுந்துவிடும். ஆனாலும் அந்தப் பயம் நிஜம்.

அவள் அப்போதுதான் புரிந்துகொண்டாள். உயரத்துக்குப் பயமில்லை இவருக்கு. பயணிகள் சீட்டில் உட்கார்ந்தால் முன்னால் இருப்பது தெரியாதே, அதுதான் பயம். ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, ஒரு நாளும் பாதையை விட்டுக் கண்ணை எடுக்காமல் ஓட்டியவர். அந்த மனுஷனைப் பின்னால் உட்கார வைத்து, முன்னால் ஒரு கதவையும் மூடிவிட்டால் எப்படி?

“டெஸ்,” என்றாள் ஐலீன். “நம்ம கல்யாணத்துல இருந்து நீ ஓட்டுவே, நான் பக்கத்துல உக்காந்து ஜன்னல் வழியா ஆடு மாடு பார்த்துக்கிட்டே வருவேன். ஒரு நாளாவது ரோட்டப் பார்த்திருக்கேனா?”

“அதுக்கு நான் இருந்தேனே.”

“ஆமா. நீ இருந்தே. அதான் நான் தூங்கக்கூட செஞ்சேன்.”

 அவள் தலையை நேராக்கி, “இந்தா, உன் ரோடு,” என்றாள்.

அன்றிலிருந்து தினமும் நார்ஃபோக் தீவுக்குத்தான் பறந்தார்கள். ஒவ்வொரு நாளும் ஐலீன் பக்கத்து ஜன்னலைக் கொஞ்சம் கூடுதல் நேரம் பார்த்தாள். டெஸ் முதலில் கத்தினார். பிறகு முனகினார். பிறகு, “அந்தப் பக்கம் ஒரு தீவு வரும், பார்த்தியா?” என்று அவரே கேட்க ஆரம்பித்தார். தான் அவளுக்கு விமானம் சொல்லிக்கொடுப்பதாகத்தான் அவர் நினைப்பு. என்னிடம்கூட ஒரு நாள் பெருமையாகச் சொன்னார்: “ஐலீன் நல்லாத் தேறிட்டா, ரெஜினா. இன்னும் கொஞ்சம் பழகணும்.”

அந்த ஞாயிறுக்கு முந்தின வியாழக்கிழமை தேநீரும், பைக்லெட் என்கிற குட்டி அப்பமும் கொண்டுவந்து வைத்தாளாம் ஐலீன். பைக்லெட்டில் ஜாம், மேலே கிரீம். அவருக்கு உயிர். பாதி வழியில், “தொப்பி சூடா இருக்கு, டெஸ், கொஞ்ச நேரம் நீ போட்டுக்கோ,” என்று அவர் தலையில் வைத்துவிட்டாள். அவர் ஒரு கையில் கோப்பை, ஒரு கையில் பைக்லெட்டுமாக உட்கார்ந்திருந்தார்.

“அங்க பாரு, பாறை. அங்க பாரு, பைன் மரம்! இந்தப் பக்கமும் பாரு, அலை எப்படி அடிக்குது!”

தலை இடது பக்கம் போகிறது, வலது பக்கம் போகிறது. குழந்தை மாதிரி ஜன்னலுக்கு ஜன்னல் பார்க்கிறார். அப்போது ‘டப்’ என்று சக்கரம் தரையைத் தொட்ட சத்தம். விமானம் ஓடி, மெதுவாகி, நின்றது.

டெஸ் தன் கைகளைப் பார்த்தார். கோப்பை. பைக்லெட். பிடியைப் பார்த்தார். அதை யாருமே பிடிக்கவில்லை.

“யாரு ஓட்டுனது?”

“அதுல ஒரு பொத்தான் இருக்குல்ல, துணை விமானி ஓட்டுறதுக்கு? நீ தோட்டத்துல இருந்தப்ப கண்டுபிடிச்சேன். மேல கிளம்புன உடனே அமுக்கிட்டேன்.”

“மேல கிளம்புன உடனேயா? அப்ப முழு தூரமும்...”

“முழு தூரமும் நீ சும்மாதான் உக்காந்திருந்தே. ரோட்டயும் பார்க்கல. ரெண்டு கோப்பை தேநீர் குடிச்சே.”

டெஸ் கோப்பையைக் கீழே வைத்தார். கண் கலங்கிவிட்டதாம். அதை என்னிடம் சொல்லும்போது சோப்பு நுரை கண்ணில் பட்டதாகச் சொன்னார். கடைசியில், ஆம்பளை அல்லவா, ஒரே ஒரு கோட்டையையாவது காப்பாற்றப் பார்த்திருக்கிறார்.

“எல்லாம் சரி, ஐலீன். ஆனா என் கழுத்து?”

“உன் கழுத்துப் பட்டையத் துவைச்சுக் கொடியில போட்டு நாலு நாளாச்சு, டெஸ். நீ இன்னும் கேக்கல.”

அதோடு விடவில்லை அவள். டிக்கெட்டை அவர் பட்டை வாங்கிய அன்றைக்கே வாங்கிவிட்டாளாம். ஜன்னல் சீட்டு அவருக்கு.

நாளைக் காலையில் பிரிஸ்பனில் இருந்து கிளம்புகிறார்கள். டெஸ்ஸுக்குப் பக்கத்தில் ஐலீன் இருப்பாள், அதனால் அவரைப் பற்றி எனக்குக் கவலையில்லை. முன்னால், கதவுக்கு அந்தப் பக்கம், யாரோ ஒரு தாய் பெற்ற பிள்ளை விமானத்தை ஓட்டிக்கொண்டிருப்பான். அவன் பெயர் எனக்குத் தெரியாது. காலையில் காப்பி குடிக்க உட்காரும்போது அந்தப் பிள்ளைக்காக ஒரு சின்ன ஜெபம் சொல்லிவிடுங்கள்.