"போயிட்டு வர்றோம்" சொன்ன பாவம்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

பெண்ணைப் பெற்றவன் தீவிலிருந்து கைகூப்பி எழுதிக்கொள்வது. உடம்புக்கு ஒன்றுமில்லை, ஊர் திரும்பத்தான் வழியில்லை. ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தத்துக்கு நாங்கள் வந்து சேர்வது சந்தேகம். தயவுசெய்து கோபித்துக்கொண்டு சம்பந்தத்தை முறித்துவிடாதீர்கள். இங்கே போனில் சிக்னல் கிடையாது, அதனால்தான் கடிதம்.

"கல்யாண வேலை ஆரம்பிச்சா மூச்சுவிட நேரமிருக்காது, நாலு நாள் எங்கேயாவது சுத்திட்டு வாங்க" என்று நீங்கள்தானே சொன்னீர்கள்? வந்தோம். கலங்கரை விளக்கம் பார்த்தோம், நண்டுக் கூட்டம் சாலையைக் கடக்கும்போது பேருந்து ஓட்டுநர் இறங்கி நின்று தொப்பியைக் கழற்றுவதைப் பார்த்தோம், எல்லாம் அருமை. என் வாய்தான் சும்மா இருக்கவில்லை. கிளம்பும் நாளன்று, பழகிய ஒன்பது வீடுகளிலும் மரியாதைக்கு "போயிட்டு வர்றோம்" என்றேன். நம் பேச்சு தெரிந்த விடுதிக்காரர் அதை வார்த்தை பிசகாமல் அவர்கள் பாஷையில் சொல்லித் தொலைத்தார். இந்தத் தீவில் வருகிறேன் என்றவருக்குத் தட்டு வைத்துக் காத்திருப்பார்களாம், வந்து சாப்பிடாதவரைப் படகில் ஏற்ற மாட்டார்களாம். "ஒம்பது வீட்ல காத்துக்கிட்டு இருக்காங்க, எப்படி சார் ஏத்துறது?" என்று படகுக்காரர் துடுப்பைக் குறுக்கே வைத்துவிட்டார். சரியென்று ஒன்பது வீட்டுக்கும் திரும்பப் போய்ச் சாப்பிட்டு, கைகழுவி, வாசலில் நின்று, பாழாய்ப்போன பழக்கம், "அப்ப போயிட்டு வர்றோம்" என்றேன். மறுபடி முதலிலிருந்து! மூன்று நாளாக இதே கூத்து சம்பந்தி, சட்டைப் பித்தான் தெறித்துவிட்டது.

"'போறோம்'னு ஒத்தை வார்த்தை சொல்லுங்க, விட்டுடுவாங்க" என்கிறார் விடுதிக்காரர். நான் தயார். என் வீட்டுக்காரிதான், "பொண்ணுக்கு நல்லது நடக்கப்போற நேரத்துல அந்த வார்த்தையை வாயில எடுத்தீங்க, அப்புறம் நடக்கிறதே வேற!" என்று காதைப் பொத்திக்கொண்டு குதிக்கிறாள். மகள்மேல் அவ்வளவு பாசம். நல்ல இடம் கைநழுவிப் போய்விடுமோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. பொறுத்தருள வேண்டும்.

மாப்பிள்ளைக்கு என் ஆசிகள், வீட்டம்மாவுக்கு வணக்கம்.

இப்படிக்கு,
தங்கள் வருங்காலச் சம்பந்தி

பி.கு.: அண்ணா, இது அவர் மனைவி எழுதுவது. உறையை ஒட்டச் சொல்லி என்னிடம் கொடுத்திருக்கிறார். பதற வேண்டாம். பாறை மேல் ஏறினால் சிக்னல் நன்றாகவே கிடைக்கிறது, அவருக்குத்தான் முழங்கால் வலி. நிச்சயத்தை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைக்க அண்ணியிடம் முந்தாநாளே பேசி முடித்துவிட்டேன். இருபத்தெட்டு வருஷத்தில் முதல்முறையாக, அடுத்த வேளைக்கு என்ன சமைப்பது என்று யோசிக்காமல் தூங்குகிறேன். இதைச் சொன்னதும் அண்ணி, தீவுக்குப் படகு எத்தனை மணிக்கு என்று கேட்டார். இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வரும்போது அண்ணியும் இங்கே வந்து சேர்ந்திருப்பார். அரிசி மேல்தட்டில் இருக்கிறதாம், குக்கருக்கு மூன்று விசில் விட வேண்டுமாம்.