மூன்றாம் மாடிப் புகை

கயிற்று மணி விடாமல் அடித்தது. சத்யபாமா திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணில் நீர் வழிய, புது அடுப்பின் வாயில் முறத்தால் விசிறிக்கொண்டிருந்தாள்.

"மணி அடிக்குது," என்றான் அவள் கணவன் முரளிதரன், ஈரத் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு.

"கேக்குது."

"பர்கத்துல்லாதான். அவன்தான் கயித்தை மாட்டு வால் மாதிரி முறுக்கி இழுப்பான்."

ரங்கூனில் லத்தா வட்டாரத்தின் அந்தத் தெருவில் எல்லாப் பால்கனியிலிருந்தும் ஒரு கயிறு தொங்கும். மேல் முனையில் மணி, கீழ் முனையில் கிளிப். படியேற மனமில்லாதவர்கள் தெருவில் நின்று இழுத்தால் போதும். சத்யபாமா முறத்தோடு பால்கனிக்குப் போய் எட்டிப் பார்த்தாள். பர்கத்துல்லா தன் கடை வாசலில் இடுப்பில் கைவைத்து நின்றிருந்தான். கொசுவலை, வாளி, குடை, கொசுவத்தி என்று மழைக்காலத்துக்கு வேண்டியதெல்லாம் அந்தக் கடையில் அடுக்கியிருந்தது. அவன் முகத்தில்தான் களை இல்லை.

"என்ன தம்பி?"

"அக்கா, அந்த அடுப்பை விட்டுடுங்க. ஒரு வாரமா தாங்க முடியலை."

"புகை மேல போகுது. உன் கடை கீழ இருக்கு. உனக்கென்ன நஷ்டம்?"

"எனக்குத்தான்கா நஷ்டம்!"

"அப்போ ஒரு விசிறி எடுத்து வீசிக்க. உன் கடையிலதான் விக்குதே."

உள்ளே வந்து மறுபடி அடுப்பின் முன் உட்கார்ந்தாள்.

அடுப்பு ஒரு தகர உருளை. நகரத்தின் வடகோடியில் ஷ்வேப்யிதாவில் ஒரு பட்டறையில் செய்தது. நெல் உமியை அழுத்தி, விரல் பருமனுக்குத் துண்டு துண்டாக்கி மூட்டையில் கொடுப்பார்கள். அந்த உமிக்கட்டைதான் அதற்குத் தீனி. மின்சாரம் முறைவைத்து வருகிற ஊரில், கரி விலை கையைச் சுடுகிற காலத்தில், இதை விட்டால் வேறு வழியில்லை என்று அவளே பஸ் ஏறிப் போய் வாங்கி வந்தாள். பக்கத்துத் தெரு நகைக்கடைகளுக்கு மதியச் சாப்பாடு கேரியரில் போய்க்கொண்டிருந்தது அவள் வீட்டிலிருந்துதான். கரியிலேயே சமைத்தால் மழைக்காலம் முடிவதற்குள் கேரியர்களைக் கழுவிக் கவிழ்த்துவிட வேண்டியதுதான்.

கவிழ்த்தால் என்ன நடக்கும் என்பதும் முடிவாகியிருந்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் தன்லியினில் முரளிதரனின் அண்ணன் பொன்னுத்துரை வீட்டில் ஓர் அறை காத்திருந்தது. "எதுக்கு வாடகை? எதுக்கு வியாபாரம்? இங்க வந்துடுங்க," என்று வாரம் தவறாமல் போன் வரும். அறை தயார். சமையலறை மட்டும் அண்ணி காளியம்மாவுடையது. அங்கே சத்யபாமா வெங்காயம் உரிக்கலாம். எவ்வளவு உரிப்பது என்பதை அண்ணி சொல்வாள்.

"வீட்டு ஒப்பந்தம் இந்த மாசம் முடியுது," என்றான் முரளிதரன். "வீட்டுக்கார அம்மா டோ கின் மே முதல் மாடியில உக்காந்து இந்தப் புகையைத்தான் மோந்துட்டிருக்காங்க. பாரு, கட்டடத்துல ஒரு ஜன்னல் மூடலை. எல்லாரும் திறந்து வச்சுப் புகையை வெளிய விடுறாங்க."

"வாய் திறந்து யாராவது சொன்னாங்களா?"

"அவங்க எப்ப சொல்லியிருக்காங்க?"

பர்மாக்காரர்களிடம் ஆனாடே என்று ஒன்று உண்டு. அடுத்தவர் மனம் நோகுமே என்று தன் மனத்துக்குள்ளேயே நோவது. உங்கள் வீடு பற்றி எரிந்தால்கூட, 'இன்றைக்கு உங்கள் வீட்டில் வெளிச்சம் நன்றாக இருக்கிறதே' என்றுதான் ஆரம்பிப்பார்கள். இந்தத் தெருவிலேயே பிறந்து வளர்ந்தவள் சத்யபாமா. அவர்கள் சொல்வதைத் திருப்பிப்போட்டுப் புரிந்துகொள்ள எப்போதோ பழகியிருந்தாள்.

"அடுப்பு இந்த வீட்டை விட்டுப் போகாது," என்றாள். "போனா நானும் அதோட ஷ்வேப்யிதாவுக்குப் போறேன். ஆனா புகையை நிறுத்தறேன். அவங்களுக்காக இல்லை. புகைன்னா என்ன? எரியாம தப்பிச்சு ஓடுற விறகு. காசு குடுத்து வாங்கினதை ஓட விடுவேனா?"

குற்றம் ஈரத்தினுடையது. ரங்கூன் மழையில் உப்பே அழுதுவிடுகிறது, உமி எம்மாத்திரம்? அன்று மாலை இருப்புச் சட்டியை ஏற்றி, உமிக்கட்டைகளை ரவை வறுப்பதுபோல் வறுத்தாள்.

"விறகை வறுக்கிற வீடு உலகத்துலயே இதுதான்," என்றான் முரளிதரன்.

"தாளிக்கலை. சந்தோஷப்படுங்க."

மறுநாள் புகை பாதியாகக் குறைந்தது. அன்று மாலையே டோ கின் மே ஒரு சீப்பு வாழைப்பழத்துடன் மூச்சு வாங்கப் படியேறி வந்தார்.

"சாப்பிட்டாச்சா, தமீ?" என்றார். மகளே என்றுதான் எப்போதும் கூப்பிடுவார்.

"ஆச்சு ஆண்ட்டி. உக்காருங்க."

அவர் உட்கார்ந்தார். மழையைப் பற்றிப் பேசினார். வாழைப்பழத்தைப் பற்றிப் பேசினார். சமையலறைப் பக்கம் ஒருமுறை பார்த்தார்.

"அடுப்பு... இன்னைக்குப் புகை கொஞ்சம் குறைச்சலோ?"

"குறைச்சிருக்கேன் ஆண்ட்டி."

"ஓ," என்றார் டோ கின் மே. முழங்கையைத் தடவிக்கொண்டார். "கஷ்டப்படாதே தமீ. நேத்து இருந்ததே நல்லாத்தான் இருந்துச்சு. அப்படியே விட்டாலும்... பரவாயில்லை."

அவர் இறங்கிப் போனதும் முரளிதரன் தலையில் கைவைத்தான். "எப்படிக் குத்துறாங்க பாத்தியா? 'நேத்து இருந்ததே நல்லாத்தான் இருந்துச்சு!' பாதி குறைச்சது பத்தலையாம். அதுக்கு வாழைப்பழம் வேற."

"பழத்தை எடுத்து உள்ள வைங்க. மிச்சத்தையும் குறைச்சுக் காட்டறேன்."

அடுப்பின் அடியில் காற்றூத ஒரு சின்ன விசிறி இருந்தது. வாங்கிய மூன்றாம் நாளே அது ஓய்ந்துவிட்டது. காற்றுப் போதாமல்தான் புகைகிறது என்பது சத்யபாமாவுக்குப் புரிந்தது. வீட்டில் இன்னொரு விசிறி எங்கே இருக்கிறது என்பதும் தெரியும். முரளிதரன் அலுவலகம் போன பிறகு அவனுடைய பழைய கம்ப்யூட்டரைத் திறந்தாள்.

சாயங்காலம் அவன் பொத்தானை அழுத்தினான். கம்ப்யூட்டர் உறுமி, சூடாகி, ஓய்ந்தது.

"சத்யா, இதுல என்னமோ குறையுதே?"

"ஒண்ணும் குறையலை. அடுப்புல இருக்கு."

விசிறிக்கு பேட்டரி வேண்டும். அது அவசர விளக்கிலிருந்து வந்தது. ஆகவே இருவரும் இருட்டில் சாப்பிட்டார்கள். தெருக்கோடியில் "மீ லாபி!" என்று பிள்ளைகள் கத்தி, மின்சாரம் வந்த பிறகுதான் முரளிதரன் சாதம் என்று நினைத்து ஊறுகாயைப் பிசைந்துகொண்டிருந்தது தெரிந்தது.

ஆனால் புகை மெலிந்து ஒரு நூலாகியிருந்தது. இரண்டாம் மாடி ஊ மிண்ட் தேயிலை ஊறுகாய்ப் பொட்டலத்துடன் வந்தார். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். பேச்சில் சிக்கனம்.

"மா சத்யா, அடுப்புக்கு உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கு."

"போன வாரம் ரொம்ப நல்லா புகைஞ்சுதே. எங்க வீடு வரைக்கும் வந்துச்சு." பெருமூச்சு விட்டார். ஒரு பாதத்தை மற்றப் பாதத்தால் தேய்த்தார். "என் சம்சாரம்கூட சொன்னா, என்னமா புகையுதுன்னு."

சத்யபாமாவின் காது சிவந்தது. "ஊ மிண்ட், கவலையை விடுங்க. உங்க சம்சாரத்துக்குச் சொல்லுங்க, அந்தப் புகை இனிமே கிட்டவே வராது."

ஊ மிண்ட்டின் முகம் சாவு வீட்டுக்குப் போனவர் முகம்போல் ஆயிற்று. தேயிலைப் பொட்டலத்தை மேசையில் வைத்துவிட்டு எழுந்து போனார்.

"சம்சாரத்தை வேற இழுத்துட்டார்," என்றான் முரளிதரன். "ரயில்வே ஆளு. நேரா இன்ஜினையே விடுறார்."

சத்யபாமா பால்கனிக்குப் போனாள். கயிற்றைச் சரசரவென்று மேலே இழுத்து, மணியோடு சேர்த்துச் சுருட்டி, அரிசி டப்பாவில் போட்டு மூடினாள்.

"இப்ப யாரு மணி அடிக்கிறாங்கன்னு பாக்கறேன்."

"கேரியருக்கு ஆள் வந்தா?"

"கத்தட்டும். எனக்குக் காது இருக்கு."

மூன்றாவது வைத்தியம் தகரக் குழாய். பட்டறையில் சொல்லிச் செய்து, சமையலறை ஜன்னல் கண்ணாடியைக் கழற்றி, குழாயை அதன் வழியே வெளியே விட்டு, நாலாம் மாடியைத் தாண்டி மொட்டை மாடி வரை நிறுத்தினாள். கண்ணாடி இருந்த இடத்தில் மழை உள்ளே வந்தது. முரளிதரன் குடை பிடிக்க, அவள் சாம்பாருக்குத் தாளித்தாள். தீ நீலமாக, சத்தமில்லாமல் எரிந்தது. புகை என்ற பேச்சே இல்லை. பாத்திரத்தின் அடியில்கூடக் கரி பிடிக்கவில்லை.

"ஜெயிச்சுட்டேன்," என்றாள்.

"கீழ பாரு," என்றான் அவன்.

எல்லா ஜன்னல்களும் சாத்தியிருந்தன. ஒரு வாரம் புகையில் திறந்தே கிடந்தவை, இப்போது காற்று சுத்தமான பிறகு ஒவ்வொன்றாக, முகத்தில் அடித்த மாதிரிச் சாத்தப்பட்டிருந்தன.

அன்று அந்தி சாயும் நேரத்தில் கட்டடமே படியேறி வந்தது. டோ கின் மே, ஊ மிண்ட், அவர் மனைவி, நாலாம் மாடி டீச்சரம்மா. ஒருவர் கையில் பப்பாளி, ஒருவர் கையில் பிஸ்கட். இருந்த நாற்காலிகளில் இருவரும் பாயில் இருவரும் உட்கார்ந்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். டீச்சரம்மா கைகளைத் தட்டினார். கோபத்தை அடக்குகிறார் என்று சத்யபாமா நினைத்தாள்.

"தமீ," என்றார் டோ கின் மே கடைசியில், "நாங்க ஒண்ணு கேக்கலாம்னு... கேக்கறது சரியான்னு தெரியலை... அந்த அடுப்பு விஷயமா..."

"நானே சொல்லிடறேன் ஆண்ட்டி." சத்யபாமா எழுந்து நின்றாள். கணுக்கால் நமநமவென்று அரித்தது. ஆத்திரத்தில் ரத்தம் அங்கே வரைக்கும் கொதிக்கிறது என்று எண்ணிக்கொண்டாள். "அடுப்பு இங்கதான் இருக்கும். என் சமையல், என் சமையலறை. தன்லியினுக்குப் போக மாட்டேன், யார் காலுலயும் விழ மாட்டேன். ஆனா ஒண்ணு. இந்த வீட்டுலேருந்து இனி ஒரு பொட்டுப் புகை வராது. இது சத்தியம்."

"ஒரு பொட்டு கூடவா?" டோ கின் மேயின் குரல் உடைந்தது.

"ஒரு பொட்டு கூட."

ஊ மிண்ட் தன் ஆடுசதையில் பளாரென்று ஓர் அறை விட்டுக்கொண்டார். அவர் மனைவி பப்பாளியை மெதுவாகத் தரையில் வைத்தார். நால்வரும் எழுந்தார்கள்.

வாசலில் டோ கின் மே திரும்பினார். "ஒப்பந்தம்... அது பத்தி நாளைக்குப் பேசலாம் தமீ."

கதவு சாத்திய சத்தம் அடங்குவதற்குள் முரளிதரன் போனை எடுத்துவிட்டான். "ஆமாண்ணே... முடிஞ்சு போச்சுண்ணே... அண்ணிகிட்ட சொல்லிடுங்க, வெங்காயம் எல்லாம் சத்யா பாத்துப்பா..."

சத்யபாமா அந்த வாக்கியத்தை முழுதாகக் கேட்க நிற்கவில்லை. செருப்பை மாட்டினாள். இதையெல்லாம் ஆரம்பித்தவன் ஒருவன் கீழே இருக்கிறான். முதல் நாளே கயிற்றை இழுத்துக் கத்தியவன். வீட்டுக்கார அம்மாவிடம் கோள் சொன்னவனும் அவனாகத்தான் இருக்க வேண்டும். வீடு போனாலும் போகட்டும், போகிற போக்கில் அவனை ஒரு வார்த்தை கேட்காமல் போவதில்லை.

படிகளைத் தடதடவென்று இறங்கினாள். பர்கத்துல்லா கடையில் ஏதோ பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் முகமெல்லாம் பல்லாக எழுந்து, தன் நாற்காலியைத் துடைத்துப் போட்டான்.

"வாங்கக்கா! உக்காருங்க. டீ சொல்லட்டுமா?"

"டீயை நீயே குடி. சந்தோஷமா இருக்கியா? நீ நினைச்ச மாதிரியே ஆயிடுச்சு. புகையை நிறுத்திட்டேன், வீட்டையும் விடப் போறேன்."

"வீட்டை விடப் போறீங்களா? எதுக்கு?"

"எதுக்கா? கட்டடமே வந்து மூஞ்சியைத் தூக்கி வச்சுட்டுப் போகுது. வீட்டுக்கார அம்மா நாளைக்குப் பேசலாம்ங்கிறாங்க. என்னத்தைப் பேசப் போறாங்க?"

பர்கத்துல்லா படிக்கட்டுப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தான். பிறகு குரலைத் தாழ்த்தினான்.

"கொசுதான்கா விஷயம். உங்க புகை நின்னதும் கட்டடமே எங்கிட்ட கொசுவத்தி வாங்குது, 'பழையபடி புகை போடச் சொல்லி அந்தப் பொண்ணுகிட்ட எப்படிக் கேக்கறது, ஆனாடேயா இருக்கே, அடுத்த வருஷ ஒப்பந்தத்துலயே எழுதிடலாமா'ன்னு வீட்டுக்கார அம்மா மத்தியானம்தான் எங்கிட்ட யோசனை கேட்டுட்டுப் போனாங்க, நான்தான் வேண்டவே வேண்டாம்னு சொல்லி அனுப்பியிருக்கேன்!"