பாக்கெட்டின் பின்பக்கம்

வாய்க்குள் போன முதல் ஸ்பூனை ஏனோக் இன்னும் விழுங்கவில்லை. அதற்குள் அவர் முன்னாலிருந்த கிண்ணம் காணாமல் போயிற்று.

"துப்புங்க," என்றாள் கரோலின்.

"இன்னாத்துக்கு?"

"துப்புங்கன்னா துப்புங்க. சர்க்கரை மூணாவதா கீது."

தையல் மெஷின் பக்கத்தில் ஊசிக்கு நூல் கோப்பதற்காக வைத்திருந்த பூதக்கண்ணாடி அவள் கையில் இருந்தது. பாக்கெட்டைப் பின்பக்கமாகத் திருப்பி, ட்யூப்லைட்டுக்கு நேராகப் பிடித்திருந்தாள். முன்பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரன் சூரியன் உதிக்கிற பக்கமாக ஓடிக்கொண்டிருந்தான். அவன் தலைக்கு மேலே 'ஏழு தானியங்களின் ஆரோக்கியம்' என்று பெரிய எழுத்து. அவனை நம்பித்தான் ஏனோக் முந்தின நாள் ஒயிட்ஃபீல்டில் அதை வாங்கி, தங்கவயலில் தன் ஊரான சாம்பியன் ரீப்ஸ் வரைக்கும் ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார்.

"எது ஜாஸ்தியோ அத மொதல்ல போடணும். அப்டியே கொறைஞ்சிக்கினே வரணும். மொதல்ல சோளம், அப்பால கோதுமை, அப்பால சர்க்கரை. மீதி அஞ்சு தானியம் எங்க கீது தெரியுமா? உப்புக்கும் கீழ!"

"ஓடறவன் படம்லாம் போட்டுகிறானே..."

"அவன் இத துன்னுட்டு ஓடலீங்க. பின்னாடி எழுதிக்கிறதப் படிச்சிட்டு ஓடறான்."

அன்றைக்கு ஏனோக் வெறும் வயிற்றோடு வேலைக்கு ரயில் ஏறினார்.

கரோலின் முன்பெல்லாம் இப்படி இல்லை. பாக்கெட் என்றால் கத்தரியால் வெட்டிக் கொட்டுவாள், அவ்வளவுதான். ஏனோக்குக்குச் சர்க்கரை என்று தெரிந்தபோதும் டீயில் பாதியைக் குறைத்ததோடு விட்டுவிட்டாள். போன மழைக்காலத்தில் ஏனோக்கின் அண்ணன் ராஜ்குமாருக்கு அதே சர்க்கரையால் இடது காலில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். ஆபரேஷன் முடிகிறவரை அண்ணனின் செருப்புகளைக் கரோலின்தான் கையில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றிருந்தாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஏனோக்கின் பாதத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். மறுநாள் காலையில் சமையல்கட்டிலிருந்த பாக்கெட்டெல்லாம் வெளியே வந்தன.

அவளைச் சமாதானப்படுத்த ஏனோக் தன்னால் ஆனதைச் செய்தார். பிரவுன் பிரெட் வாங்கி வந்தார்.

"மொதல்ல மைதா. கடைசில கேரமல் கலரு. இது கோதுமை ரொட்டி இல்ல, பெயிண்டு அடிச்ச மைதா."

ராகி மால்ட் வாங்கி வந்தார். அதில் பாதிக்கு மேல் சர்க்கரை. "இதுல ராகிய டார்ச் அடிச்சுத் தேடணும்," என்றாள்.

கடைசியில், சர்க்கரையே சேர்க்காதது என்று கடைக்காரர் சத்தியம் செய்து கொடுத்த ஓட்ஸ் பிஸ்கட் ஒன்றைத் தலை நிமிர்ந்து மேஜைமேல் வைத்தார். கரோலின் படித்தாள். வாய்க்குள் எழுத்துக்கூட்டி மறுபடியும் படித்தாள்.

"மால்ட்டோ... டெக்ஸ்ட்ரின். ஆஸ்பத்திரி நர்ஸம்மா சொன்னாங்களே, அதான் இது. ரத்தத்துல போயி சர்க்கரைக்கு அண்ணனா நிக்கும். பேர மாத்திக்கினா ஆளு மாறிடுவானா?"

அதற்குப் பிறகு பாக்கெட்டே வேண்டாம் என்று கரோலின் தானே இறங்கினாள். சாமையும் கம்பும் உளுந்தும் அரைத்து இட்லி ஊற்றினாள். தட்டில் சாம்பல் நிறத்தில் நாலு இட்லி வந்து உட்கார்ந்தன.

"இது இன்னா இது? சுரங்கத்து மண்ணு கொட்டிகிற சயனைட் மேட்டுலேர்ந்து அள்ளிக்கினு வந்தியா?" என்றார் ஏனோக்.

அவள் தட்டைத் தன் பக்கம் இழுத்து, நாலையும் தானே சாப்பிட்டாள். ஏனோக்குக்கு மனசு ஒருமாதிரியாகத்தான் இருந்தது. ஆனாலும் ஒன்றை எடுத்து வாயில் போடுகிற அளவுக்கு இல்லை.

அடுத்த வாரம் அந்த இட்லி நின்றது. கஞ்சி வந்தது.

கொள்ளு, பார்லி, வெந்தயம், இன்னும் என்னென்னவோ வறுத்து அரைத்துக் கெட்டியாகக் கிண்டி டப்பாவில் அடைத்திருந்தாள். ரயிலில் திறந்து ஸ்பூனைச் செருகினார். ஸ்பூன் சாயாமல் நின்றது. டப்பாவைக் கவிழ்த்துப் பார்த்தார். கஞ்சி விழவில்லை.

எதிர் சீட்டில் மஞ்சுநாத் தன் டப்பாவைத் திறந்தான். கரோலினிடம் ஜாக்கெட் தைக்க வரும் மமதாவின் புருஷன். அடுத்த லைன் வீட்டு வரிசையில்தான் குடியிருப்பு. ஏனோக்கைப் போலவே தினமும் ஒயிட்ஃபீல்டில் இறங்குகிறவன். டப்பாவுக்குள் துண்டு துண்டாக நறுக்கிய இட்லி. மேலெல்லாம் சிவக்கச் சிவக்க மிளகாய்ப் பொடி பிரட்டி, நல்லெண்ணெய் மினுங்க, கறிவேப்பிலை தாளித்திருந்தது. வாசனை அந்தப் பெட்டியையே ஒரு சுற்றுச் சுற்றி வந்தது.

கல்யாண வீட்டுப் பந்தியில்கூட ஏனோக்கின் கண் பக்கத்து இலையில்தான் இருக்கும். கரோலின் எத்தனையோ தடவை அவரை இடித்திருக்கிறாள். இங்கே இடிக்க ஆளில்லை.

"மஞ்சு, உனக்குத் தொப்பை வுழுது," என்றார்.

"ஹௌதாண்ணா?" அப்படியா என்று கன்னடத்தில் கேட்டு, மஞ்சுநாத் குனிந்து பார்த்துக்கொண்டான்.

"இந்த வயசுல கவனிக்கணும்ப்பா. அரிசி இட்லி, எண்ணெ, பொடி... இன்னாத்துக்கு ஆவும்? இதப் பாரு. கொள்ளு, பார்லி. சக்கரை கெடையாது, கலரு கெடையாது. கடையில இது நானூறு ரூபா."

"அய்யோ, பேடாண்ணா, வேணாம். அக்கா உங்களுக்குன்னு ஆசையா செஞ்சது."

"நீ என் தம்பி மாதிரி. புடி."

மஞ்சுநாத் தயங்கினான். ரொம்பவே தயங்கினான். பங்காருபேட்டை தாண்டியதும் டப்பாக்கள் கைமாறின. ஏனோக் இட்லியைச் சாப்பிட்டார். மஞ்சுநாத் கண்ணை மூடிக்கொண்டு, விளக்கெண்ணெய் குடிக்கிறவன்போலக் கஞ்சியை விழுங்கினான்.

அன்று சாயங்காலம் கரோலின் காலி டப்பாவைப் பார்த்தாள். "எப்டி இருந்துச்சு?"

"ஏ ஒன்," என்றார் ஏனோக். "இன்னும் கொஞ்சம் வெச்சிருக்கலாம்."

மறுநாள் டப்பா பெரிதாயிற்று.

அதுவே வாடிக்கையாகிவிட்டது. மஞ்சுநாத் டப்பாவில் ஒருநாள் பொடி இட்லி, ஒருநாள் முருங்கைக்கீரை அடை, ஒருநாள் கொத்தமல்லி வாசனையோடு ஏதோ உப்புமா. ஏனோக் ரயிலை எதிர்பார்த்துக் காத்திருக்க ஆரம்பித்தார். வீட்டில் கஞ்சியைப் புகழ்ந்தார். புகழப் புகழக் கஞ்சி கெட்டியாயிற்று; மஞ்சுநாத் பேண்ட்டின் இடுப்பு லூசாயிற்று.

"மஞ்சு, ஒடம்புக்கு இன்னாப்பா?"

"ஒண்ணும் இல்லண்ணா. நீங்க சொன்ன மாதிரி தொப்பை போச்சு," என்று மஞ்சுநாத் சோகமாகச் சிரித்தான்.

மூன்று மாதச் சர்க்கரைக்கான ரத்தப் பரிசோதனை வந்தது. பொடியும் எண்ணெயுமாக வெளுத்துக் கட்டியிருக்கிறோம், இன்றைக்கு மாட்டினோம் என்று ஏனோக் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே டாக்டரம்மா முன்னால் உட்கார்ந்தார்.

"நல்லா குறைஞ்சிருக்கு. காலையில இன்னா சாப்புடறீங்க?"

"கஞ்சி," என்றார் ஏனோக். வேறென்ன சொல்வது?

"விட்டுடாதீங்க."

வெளியே வந்ததும் கரோலின் சுவர்ப்பக்கமாகத் திரும்பி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். பிறகு அவர் பாதத்தைப் பார்த்தாள். ஏனோக் அங்கேயே அவளிடம் உண்மையைச் சொல்லியிருப்பார். ஆனால் அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? வேறொருத்தி வீட்டு இட்லி கொடுத்த பெருமையைத் தன் கஞ்சிக்கென்று நினைத்து நிற்கிறாளே.

அந்தக் குற்ற உணர்ச்சிக்கு ஒரு பரிகாரமாக, அவளைப் பற்றி நாலு பேரிடம் நல்லதாகச் சொன்னார். சர்ச்சில் சொன்னார், ரேஷன் கடையில் சொன்னார். விளைவு, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் மாதர் சங்கத்துப் பெண்களெல்லாம் கரோலின் வீட்டுக்கு வந்து, பாக்கெட் படிக்கவும் கஞ்சி கிண்டவும் கற்றுக்கொள்வதாக முடிவாயிற்று.

"இதெல்லாம் வேணாங்க," என்றாள் கரோலின்.

"சும்மா இரு. ஊரே உன்னப் பத்திப் பேசுது," என்றார் ஏனோக்.

சனிக்கிழமை ராஜ்குமார் அண்ணன் போன் செய்தார். "டேய், அந்தக் கஞ்சி மாவு எனக்கும் குடுத்தனுப்புடா. மத்த கால காப்பாத்திக்கணும்."

ஏனோக்குக்கு அதன்பிறகு சோறு இறங்கவில்லை. தன் பொய்யை நம்பி ஒரு லைனே கஞ்சி குடிக்கப்போகிறது, அது பரவாயில்லை. அண்ணனும் குடிக்கப்போகிறார்.

ஞாயிறன்று கூடம் நிறைந்துவிட்டது. ஆளுக்கொரு பாக்கெட் கொண்டுவந்திருந்தார்கள். கரோலின் பூதக்கண்ணாடியோடு நடுவில் உட்கார்ந்திருந்தாள். மமதா கதவோரமாகவும், மஞ்சுநாத் வாசலில் செருப்புகளுக்குப் பக்கத்திலும் நின்றார்கள்.

"கரோலினு, இது தேன் போட்டது. தேன் நல்லதுதான?" என்று செல்வி ஒரு டப்பாவை நீட்டினாள்.

"தேன் எவ்ளோன்னு பாருங்க. நூத்துக்கு ரெண்டு. டப்பா மேல வரைஞ்சிக்கிற தேனீக்கே பத்தாது."

சிரிப்பு அடங்கியதும் யாரோ கேட்டார்கள். "செரி, அந்தக் கஞ்சிய எப்டி கிண்டறதுன்னு சொல்லு."

ஏனோக் எழுந்து நின்றார். ஜெபம் செய்யப்போகிறார் என்று நினைத்து இரண்டு பேர் தலையில் முக்காடு போட்டுக்கொண்டார்கள்.

"யாரும் கிண்டாதீங்க," என்றார். "நான் அந்தக் கஞ்சிய ஒரு நாளும் துன்னதில்ல. மொத்தத்தையும் மஞ்சுதான் துன்னான். நான் அவன் டப்பாவ வாங்கித் துன்னுக்கினு, வூட்ல பொய் சொன்னேன். கரோலினு, நீ வெடிகாலைல எழுந்து அடுப்புகிட்ட நின்னது எல்லாத்தையும் நான் தூக்கி அடுத்தவனுக்குக் குடுத்துட்டேன். ஒன்னயப் பாக்கவே எனக்கு வெக்கமா கீது."

கரோலின் தேன் டப்பாவின் மூடியைத் திருகித் திருகி மூடிக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் கோபமும் இல்லை, ஆச்சரியமும் இல்லை. மஞ்சுநாத் செருப்புகளை எண்ணுகிறவன்போலக் குனிந்துகொண்டான்.

ஏனோக் கதவுப்பக்கம் திரும்பிக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"மமதா, என் காலு இன்னிக்கு முழுசா கீதுன்னா அது உன் கை இட்லியாலம்மா. அந்தச் செய்முறைய நீதான் இவங்களுக்குச் சொல்லணும்."

மமதா கரோலினைப் பார்த்தாள். கரோலின் தலையைக் குனிந்துகொண்டாள். தோள் மட்டும் சிரிப்பில் குலுங்கியது.

"நான் இன்னாண்ணா சொல்றது?" என்றாள் மமதா. "ரெண்டு டப்பாவையும் தெனம் அக்காதான் கட்டறாங்க, பொடிக்குள்ள கீறது நீங்க வேணான்ன அதே சாமை இட்லி. எங்க வூட்டுக்காரரு தூக்கிக்கினு வர்றதோட செரி."