வளைகாப்பு மேடைக்கு வந்த வெள்ளை கேன்

எனக்கு வெட்கம் என்று ஒன்று இருந்தது. என் வளைகாப்பு மேடையில், பட்டுப்புடவை சரசரக்க வந்திருந்த காஞ்சிபுரத்துப் பெண்கள் அத்தனை பேர் முன்னிலையிலும் அது போய்விட்டது. இதுவரை திரும்பவில்லை (நானும் தேடவில்லை).

விழாவுக்கு முதல் நாள் செக்கப்பில் எனக்கு பி.பி. ஏறியிருந்தது. டாக்டர் ஒரு வெள்ளை கேனைக் கொடுத்தார். "நாளைக்குக் காலையிலேருந்து இருபத்திநாலு மணி நேர யூரினும் இதுல சேரணும். ஒரு சொட்டு சிந்தக் கூடாது. எவ்வளவு புரோட்டீன் வெளியேறுதுன்னு பார்த்துத்தான் மருந்து போதுமா, அட்மிட் பண்ணணுமான்னு முடிவு பண்ணுவேன்."

"வளைகாப்பு முடிஞ்சு எடுக்கட்டுமா மேடம்?"

"குழந்தை அதுவரைக்கும் காத்திருக்காதும்மா."

அப்போதும் என் கவலை என்ன தெரியுமா? சொந்தக்காரர்களுக்குத் தெரிந்தால் மானம் போய்விடுமே என்பதுதான்! (அறிவாளி!) கணவரிடம் மட்டும் சொன்னேன். மண்டபத்து அறையில், ஐஸ் போட்ட பக்கெட்டில் கேனை வைத்து அவரைக் காவலுக்கு நிறுத்தினேன். இரண்டு கை நிறைய வளையல் குலுங்க நான் அடிக்கடி அறைக்கு ஓடியதை எல்லோரும் வெட்கம் என்றே நினைத்தார்கள்.

ஆரத்தி நேரம். நாதஸ்வரம் நின்றது. என் பெரிய அத்தை, அப்பாவின் அக்கா, ஒரு கையில் வெறும் ஆரத்தித் தட்டோடு வந்தார். இன்னொரு கையில் என் கேன்!

"மஞ்சத் தண்ணிய உள்ள வெச்சிட்டு இங்க தேடிக்கினு இருக்கீங்களேமா!" என்றபடி மூடியைத் திருகினார். காவல்காரரைத் தேடினேன். பந்தியில் வடையோடு இருந்தார்.

"அத்தை! ஊத்தாதீங்க! அது என் யூரின்!"

முன்வரிசைப் பெண்கள் பட்டுப்புடவையைத் தூக்கிக்கொண்டு பின்வாங்கினார்கள். வீடியோக்காரர் மட்டும் கடமை தவறாமல் படம் பிடித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. பி.பி., குழந்தை, டாக்டர் சொன்னது எல்லாவற்றையும் விக்கி விக்கிச் சொன்னேன்.

அத்தை முகம் சுளிக்கவே இல்லை. மூடியை இறுக்கினார். தன் அரக்குப் பட்டோடு கேனை அணைத்துக்கொண்டு மேடையிலேயே உட்கார்ந்துவிட்டார். "ஒருத்தரும் கிட்ட வரக்கூடாதுபா. உள்ள புள்ளையோட உசுரு இருக்குது." அந்த நிமிடம் அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

மறுநாள் காலை கேனை லேபுக்குக் கொண்டுபோனதும் அத்தைதான். ஆட்டோவில், மடியில் வைத்து. ரிசல்ட்டைப் பார்த்த டாக்டர் உடனே அட்மிட் செய்தார். "நல்ல நேரத்துல பிடிச்சோம்" என்றார். ஊசி, மாத்திரை, ஓயாத கண்காணிப்பு. என் மகள் எட்டாம் மாதத்திலேயே பிறந்தாள். சின்ன உடம்புதான், ஆனால் பிரசவ அறைக்கு வெளியே நின்ற அத்தை காதைப் பொத்திக்கொள்ளும்படி கத்தினாள். ஜெயித்துவிட்டோம்!

இப்போது எங்கள் குடும்பத்தில் யார் வீட்டு விசேஷத்திலும் ஆரத்தித் தட்டு வந்தால் போதும், கூட்டமே "ஊத்தாதீங்க!" என்று கத்துகிறது. எனக்குக் கோபம் வரும். ஆனால் அந்தக் கூட்டத்தில் எப்போதும் முதலில் கத்துவது என் மகள்தான்.