ட்ரோன் கண்ட தீ

வேலை தெரியாதவன் தப்புச் செய்தால் யாராவது ஒருவர் வந்து திட்டுவார். வேலை தெரியும் என்று நினைக்கிறவன் தப்புச் செய்தால் ஊரே திரண்டு வரும். எனக்கு வந்தது நாற்பது பேர்.

கஹவத்தைக்கு மேலே, எங்கள் தேயிலைத் தோட்டத்தை ஒட்டி ஒரு வறண்ட புதர்மலை உண்டு. அது எரிந்தபோது தீ நாங்கள் குடியிருக்கும் லயத்து ஓரம் வரை வந்துவிட்டது. எரிந்த இடத்தில் எவ்வளவு பச்சை திரும்புகிறது என்று மாதாமாதம் ட்ரோன் விட்டுப் படமெடுக்க நில்மினி மிஸ் வந்தார். பாதை தெரிந்தவன் என்று என்னைச் சேர்த்து, ட்ரோன் ஓட்டவும் பழக்கினார். அன்று முதல்முறையாக நான் தனியே ஓட்டவேண்டும். சரியாக ஓட்டினால் வேலை நிரந்தரம். (லயத்தில் ஏற்கெனவே நான் பைலட்.)

திரையில் கருகிய கட்டைகளும் நடுநடுவே துளிரும் தெரிந்தன. மூலையில் மங்கலாக ஒரு சிவப்பு. ட்ரோனைத் திருப்பினேன், சிவப்பும் கூடவே வந்தது. மலைக்கு நேர் கீழே என் அக்கா கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள். மிஸ் மறுபக்கச் சரிவில் இருந்தார். தலையைத் தூக்கி மலையைப் பார்த்திருக்கலாம்தான். பைலட் திரையைத்தானே பார்ப்பான்!

அக்காவுக்குப் போன் போட்டேன். “அக்கா, மலை பத்திக்கிச்சு! எல்லாரையும் கூட்டிக்கிட்டு ஓடு!”

“எந்தப் பக்கம்டா?”

“எல்லாப் பக்கமும்!”

ஓடினார்கள், மலையை நோக்கி. போன முறை தீயைக் கிளையால் அடித்து அணைத்ததே அவர்கள்தான். கூடையைப் போட்டுவிட்டு, வழியில் பச்சைக் கிளைகளை ஒடித்துக்கொண்டு நாற்பது பெண்கள் ஏறி வருவது திரையில் தெரிந்தது. அக்காவை நானே தீக்குள் அனுப்பிவிட்டேன். மறுபடி போன் அடித்தால் அவள் எடுக்கவில்லை. “வராதீங்க! இறங்குங்க!” என்று திரையைப் பார்த்துக் கத்தினேன். அழுதேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எல்லோரும் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார்கள். மிஸ்ஸும் ஓடிவந்தார். “கோ மல்லி, கின்தர?” எங்கே தம்பி நெருப்பு என்று சிங்களத்தில் கேட்கிறார். புகைகூட இல்லை. ட்ரோனை இறக்கினேன். அது தரையில் உட்கார்ந்த பிறகும் திரையில் சிவப்பு எரிந்துகொண்டிருந்தது.

அக்கா கேமராவை விரலால் தடவி முகர்ந்தாள். “டேய், இது குங்குமம்டா.”

முந்தின நாள் ஆயுத பூஜை. கவ்வாத்துக் கத்திக்கும் த்ரீவீலுக்கும் பொட்டு வைக்கும்போது, பைலட்டின் வாகனம் மட்டும் வெறுமனே நிற்கலாமா? நானே வைத்தேன். காலையில் சட்டை நுனியால் துடைத்தேன், அந்த லட்சணத்தில்.

மிஸ் திட்டவில்லை. பெண்களின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர்கள் ஒடித்து வந்தது முழுக்க நாங்கள் மாதக்கணக்காக அளந்த துளிர்.

வேலை நிரந்தரமாகவில்லை. இன்றும் மலையில் கொஞ்சம் புகை தெரிந்தால் அக்கா முதலில் எனக்குத்தான் போன் அடிப்பாள். “தம்பி, இது நெருப்பா, சாமியா?”

நான் பதில் சொல்வதற்குள், அந்தப் பக்கம் கிளை ஒடிகிற சத்தம் கேட்கும்.