பின்னறைத் தீர்மானம்

எங்கள் வீட்டில் ஓர் எதிர்க்கட்சி ஆரம்பிப்பது என்று முடிவு செய்தேன். தலைவர், கொறடா, தொண்டர் எல்லாம் நானே.

நான் நாடாளுமன்றத்தில் சுருக்கெழுத்தாளன். அடுத்தவர்கள் போடும் சத்தத்தை ஒரு வார்த்தை விடாமல் குறிப்பெடுப்பது என் பிழைப்பு. வீட்டில்தான் வாய் திறந்ததில்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து இங்கே ஒரே கட்சி ஆட்சி. நான் கை தூக்குகிற உறுப்பினர்.

இப்போது வாய் திறக்க வேண்டி வந்துவிட்டது. மனைவியின் தம்பி எங்களோடு தங்க வருகிறான். டிரம்பெட் கற்றுக்கொண்டிருக்கிறான். அவனுக்குப் பின்னறையைக் கொடுக்க ஆளுங்கட்சி திட்டமிடுகிறது. பின்னறை என்றால் என் அறை. ஒரு சாய்வு நாற்காலி, ஒரு ஜன்னல், கதவைச் சாத்தினால் நிம்மதி. வேலை விட்டு வந்து அங்கே கொஞ்ச நேரம் உட்காராவிட்டால், சபாநாயகர் மணியடிக்கும் சத்தம் தூக்கத்திலும் கேட்கும். அதையும் பறிகொடுத்துவிட்டு எங்கே போவேன்?

காய் நறுக்கிக்கொண்டிருந்தவளிடம் அறிவித்தேன்.

"இன்னையிலேர்ந்து நான் எதிர்க்கட்சி."

"சரிங்க. எதிர்க்கட்சிக்கு என்ன வேலை?"

"கேள்வி கேக்கறது. தப்பை எடுத்துச் சொல்றது. இதைவிட நல்ல வழி இருந்தா காட்டறது. நாளைக்கே ஆட்சி கைக்கு வந்தாலும் நடத்தத் தயாரா இருக்கறது."

"நாளைக்கேவா? ரொம்ப சௌகரியம். துணி ஊறிக்கிட்டிருக்கு. பாத்ரூம் குழாய் ஒழுகுது. சமையல்..."

"அவசரமில்ல. மக்கள் தீர்ப்பு வரட்டும்."

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேஜையில் சபை கூடியது. அவள், நான், கல்லூரியில் படிக்கிற மகள். மகளுக்குப் பரீட்சை நெருங்குகிறது. டிரம்பெட் என்றாலே முகத்தைச் சுளிக்கிறாள். ஆக, எங்கள் கட்சிக்கு இரண்டு ஓட்டு. என் வாழ்க்கையில் முதல் தடவையாகப் பெரும்பான்மை என் பக்கம்.

எழுந்து நின்று பேசினேன்.

"ஹால்ல பெரிய சோபா இருக்கு. உன் தம்பி அதுல படுக்கட்டும். வாசிக்கறதுக்கு மொட்டை மாடி இருக்கு. யாருக்கும் தொந்தரவில்ல. இதுதான் எங்க மாற்று யோசனை."

மகள் மேஜையைத் தட்டினாள். மனைவி பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"யோசனை நல்லாத்தான் இருக்கு," என்றாள். "ஆனா எதிர்க்கட்சி மாதிரியே தெரியலையே."

"ஏன்?"

"இப்படியா சாந்தமாப் பேசுவாங்க? கோவம் வந்தா எல்லாரும் எழுந்து வெளிய போயிடுவாங்கன்னு நீங்கதானே வந்து வந்து சொல்லுவீங்க. விடுங்க, உங்களால அதெல்லாம் ஆகாது. மூணு மாடி இறங்கணும். முட்டி வலி வேற, பாவம்."

என் கொள்கையைப் பற்றி என்ன வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். முட்டியைப் பற்றிப் பேசியதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"ஆளுங்கட்சியின் எதேச்சதிகாரத்தைக் கண்டித்து எதிர்க்கட்சி வெளிநடப்பு செய்கிறது," என்று முழங்கினேன். செருப்பை மாட்டினேன். கைப்பிடியைப் பிடித்தபடி கம்பீரமாக இறங்கினேன். வெளிநடப்புக்கு அடுத்த வரியில் என்ன வரும் என்பதை எழுதி எழுதியே தேய்ந்த கை இது. ஆனாலும் அந்த நேரத்தில் எனக்கு அது தோன்றவில்லை.

தெருவில் நின்று மூச்சு வாங்கினேன். கவலை ஒன்றும் இல்லை. மகள் உள்ளே இருக்கிறாள். ஒன்றுக்கு ஒன்று. சமமாக வந்தால் தீர்மானம் தோற்றுவிடும். பின்னறை பிழைத்தது.

பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. மகள்.

"நீ ஏம்மா வந்தே?"

"என்னப்பா இப்படிக் கேக்கறீங்க? தலைவர் வெளிய போனா கட்சியும் கூடப் போகணும்ல. நான் என்ன கட்சி மாறுற ஆளா?"

பெருமையில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. இந்தக் காலத்தில் யாருக்கு இப்படி ஒரு தொண்டர் கிடைப்பார்? அவள் தலையைத் தடவிக்கொடுத்தேன். தடவிக்கொண்டிருக்கும்போதே, மேலே சபையில் மிச்சம் இருப்பது யார் என்று மனசு எண்ணிப் பார்த்தது.

மூன்றாம் மாடி ஜன்னல் திறந்தது.

"என்னங்க, தீர்மானம் ஒருமனதா நிறைவேறிடுச்சு. ரெண்டு பேரும் கீழதானே நிக்கறீங்க? தம்பியோட வண்டி தெருமுனைக்கு வந்துடுச்சாம், பெட்டியெல்லாம் தூக்கிட்டு வந்துடுங்க."