பன்னிரண்டரை அடி பாத்ரூம்

“கமோடு ஒண்ணு, பிடிச்சு எழுந்திரிக்க ஒரு கம்பி, கதவு வெளியே திறக்கணும். இந்தக் குட்டி முறிக்கு அவ்வளவுதான் கொள்ளும் சேட்டா” என்று பாத்ரூம் வாசற்படியில் நின்றபடியே தீர்ப்புச் சொல்லிவிட்டான் கொத்தனார் சிஜு.

மோகனசுந்தரத்துக்குச் சுருக்கென்றது. பாத்ரூமைப் புதுப்பிப்பதற்காகப் பதினைந்து நாள் மண்டையை உடைத்துக்கொண்டு, கட்டம் போட்ட தாளில் ஏழு வரைபடம் வரைந்து வைத்திருப்பவரிடம் பேசுகிற பேச்சா இது?

“குட்டி முறியா? அளந்து பாத்தயா?”

“எதுக்கு அளக்கணும்? பாத்தாலே தெரியுமல்லோ. நீளம் அஞ்சரை அடி, அகலம் அஞ்சு. என்ற டேப்பு கொல்லங்கோட்டு சைட்டுல கிடக்குது.”

“முப்பது வருசம் வில்லேஜ் ஆபீசுல இருந்தவன் நான். கண்ணளவுல சொல்றதெல்லாம் எங்கிட்ட ஆகாது.”

அவர் சொன்னது உண்மைதான். கேரள எல்லையோரத்து மீனாட்சிபுரம் சுற்றுவட்டாரத்து நிலமெல்லாம் அவர் பேனா வழியாகப் போனதுதான். என்ன, வெயிலில் நின்று அளந்தவர்கள் வேறு ஆட்கள். அவர்கள் சொன்ன எண்ணை ஃபேன் காற்றில் உட்கார்ந்து எழுதியவர் இவர்.

மனைவி மயிலாத்தாள் முட்டி ஆபரேஷன் முடிந்து கோயம்புத்தூரில் மகள் மௌனிகா வீட்டில் இருந்தாள். இனிமேல் குத்துக்காலிட்டு உட்காரவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். வெள்ளிக்கிழமை வருகிறாள். கல்யாணமான நாளிலிருந்து வீட்டுக் காரியம் எதையும் மோகனசுந்தரம் முன்னின்று செய்ததில்லை. மாடு, தோட்டம், மராமத்து எல்லாம் அவள் பாடு. இந்த ஒரு காரியத்தையாவது தானே செய்து முடித்து, அவள் வாயால் ஒரு ‘பரவாயில்லையே’ வாங்கிவிட வேண்டும் என்று அவருக்கு உள்ளூர ஆசை இருந்தது.

டேப் தேடி வீடு முழுக்க அலைந்து, கடைசியில் மாட்டுக் கொட்டகை ஆணியில் மஞ்சள் நிறத்தில் ஒன்று தொங்குவதைக் கண்டுபிடித்தார். ஒரு பக்கம் சாணி அப்பிக் கிடந்தது. மறுபக்கத்தில் எழுத்தெல்லாம் அழிந்து எண்கள் மட்டும் தெரிந்தன. அவையும் ஒன்றன்பின் ஒன்றாக வராமல் தாவித் தாவி ஓடின. இடத்தை மிச்சம் பிடித்திருக்கிறார்கள் என்று மோகனசுந்தரம் நினைத்துக்கொண்டார்.

சிஜு போன பிறகு சுவரோடு பிடித்துப் பார்த்தார். நீளம் முந்நூற்று எண்பத்தைந்து. அகலம் இருநூற்று எண்பது. சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டு அடியாக மாற்றினார். பன்னிரண்டரைக்கு ஒன்பது!

அவருக்கே ஆச்சரியம்தான். குளிக்கும்போது இரண்டு முழங்கையும் சுவரில் இடிக்கும் அறை அது. கையை ரொம்ப வீசிக் குளிக்கிறோம் போலிருக்கிறது என்று முடிவுக்கு வந்தார். கண்ணை நம்பி ஆபீஸ் நடத்த முடியுமா?

உடனே கோயம்புத்தூருக்குப் போன் போட்டார்.

“ஏம்புள்ள, இத்தனை வருசமா என்ற அப்பன் கட்டுன பாத்ரூமைத் தீப்பெட்டின்னு ஏசுனயே. அது எத்தனை அடின்னு தெரியுமா? பன்னெண்டரை!”

மயிலாத்தாளுக்கு நம்பிக்கை வரவில்லை.

“ஏனுங்க, நம்மூட்டுப் பாத்ரூமைத்தான அளந்தீங்க? சோப்புக் கட்டி கீழ உழுந்தா, குனிஞ்சு எடுக்கக் கதவத் தொறக்கோணுமுங்க.”

“அது நீ குனியற வாகு சரியில்லை.”

“என்னமோ பண்ணுங்க. எனக்கு உக்கார ஒரு கமோடு, புடிக்க ஒரு கம்பி இருந்தாப் போதும். செவலை மாட்டுக்குத் தவுடு வெச்சீங்களா?”

அவ்வளவு பெரிய அறையில் வெறும் கமோடா? எட்டாவது வரைபடத்தில் வாஷிங் மெஷின் வந்தது. ஒன்பதாவதில் அலமாரி வைத்த வாஷ்பேசின். பத்தாவதில், மயிலாத்தாள் உட்கார்ந்து குளிக்க ஒரு கிரானைட் மேடை. அவள் வரப்போகும் வாரத்தின் திங்களன்று அதே டேப்பைச் சட்டைப்பையில் சுருட்டிக்கொண்டு பொள்ளாச்சிக்குப் பஸ் ஏறினார். கடையில் அளந்து பார்த்ததில் கமோடு முப்பத்தைந்து சென்டிமீட்டர் வந்தது. வாஷிங் மெஷின் இருபத்தெட்டே வந்தது.

“ஓரடி கூட இல்லீங்களே! இந்தக் காலத்துல எல்லாமே சிறுத்துப்போச்சு” என்றார்.

கடைக்காரர் மெஷினையும் பார்த்தார், மோகனசுந்தரத்தையும் பார்த்தார். வாங்க வந்தவரிடம் எதற்கு வம்பு என்று பில் போட்டுவிட்டார்.

வியாழக்கிழமை சாமான் வந்து இறங்கியது. சிஜு உள்ளே நின்றுகொண்டு கமோடை வைத்தான். அலமாரியை வைத்தான். மெஷினை உள்ளே இழுத்தான். பிறகு அவனால் வெளியே வர முடியவில்லை.

“மெஷினைத் திருப்பு” என்றார் மோகனசுந்தரம். திருப்பியதும் குழாய் மறைந்துபோனது. “அலமாரியை மேல ஏத்து” என்றார். ஏற்றிப் பிடித்ததும், கமோடில் உட்காருகிறவர் தலையைத் தொடைமேல் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. கிரானைட் பலகையைக் குறுக்கே நுழைக்கத் தானே உள்ளே போனார். கதவு மூடிக்கொண்டது. உள்பக்கமாகத் திறக்கும் கதவு. இருவருமாகப் பலகையைச் செங்குத்தாக நிறுத்தி, மெஷின்மேல் ஏறிக் கதவை இழுத்து வெளியே குதித்தபோது மோகனசுந்தரத்தின் வேட்டி உள்ளேயே தங்கிவிட்டது. டவுசரோடு நின்றார்.

சிஜு வேட்டியை எடுத்துக் கொடுத்துவிட்டு, பையிலிருந்து தன் இரும்பு டேப்பை எடுத்தான். “நீளம் நூத்தி அறுபத்தெட்டு சேட்டா. அஞ்சரை அடி. நான் அன்னிக்கே சொன்னதல்லே?”

“உன்ற டேப்பு பொய் சொல்லுது!”

மோகனசுந்தரம் தன் மஞ்சள் டேப்பைப் பிடித்தார். முந்நூற்று எண்பத்தைந்து! வெற்றியோடு நிமிர்ந்தார். சந்தேகம் தீரட்டும் என்று சுவரின் நடுவில் கரிக்கோடு போட்டு, பாதி பாதியாக அளந்தார். இந்தப் பாதி ஐம்பத்தேழு. அந்தப் பாதியும் ஐம்பத்தேழு.

கூட்டிப் பார்த்தார். நூற்றுப் பதினாலு.

மறுபடியும் முழுசாக அளந்தார். முந்நூற்று எண்பத்தைந்து. மறுபடியும் பாதி பாதியாக. நூற்றுப் பதினாலு. அவருக்கு வியர்த்துவிட்டது. வேலை பார்த்த காலம் முழுக்க எத்தனையோ எல்லைத் தகராறு பார்த்திருக்கிறார். தன்னோடு தானே தகராறு செய்யும் சுவரை இன்றுதான் பார்க்கிறார். சிஜு ஓரடி பின்னால் நகர்ந்து நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டான்.

அந்த நேரம் பார்த்து மயிலாத்தாளின் போன் வந்தது. ஈரக் கையோடு ஸ்பீக்கரை அழுத்தினார்.

“ஏனுங்க, பாத்ரூம் ஆயிருச்சுங்களா? நாளைக்குக் காத்தால கெளம்பறேனுங்க.”

“ஆயிரும் புள்ள. ஒரு சின்ன சிக்கல். பாதி பாதியா அளந்தா நூத்திப் பதினாலு, முழுசா அளந்தா முந்நூத்தி எண்பத்தஞ்சு. நடுவுல இடம் எங்க போவுதுன்னே தெரீல.” சுவரிலிருந்த கரிக்கோட்டைத் தடவிப் பார்த்தார். “உனக்காகப் பாத்துப் பாத்துப் பண்ணேன் மயிலு.”

அவள் பதில் சொல்வதற்குள், செவலைக்கு ஊசி போட மிருகாஸ்பத்திரியிலிருந்து வந்திருந்த ஜின்சி கொட்டகைப் பக்கமிருந்து எட்டிப் பார்த்தாள். அவர் கையிலிருந்த மஞ்சள் டேப்பைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்தது.

“அட, இது மாட்டோட நெஞ்சைச் சுத்திப் பிடிச்சு எத்தனை கிலோன்னு பாக்க நான் மயிலாத்தா சேச்சிக்குக் கொடுத்த டேப்பல்லே! சுத்தளவு பாதியானா கிலோ பாதிக்கும் கீழ போயிருமல்லோ. நீங்க எதுக்கு சேட்டா பாத்ரூமுக்கு எடை பாத்துட்டிருக்கீங்க?”